தராசுக்கு மேலே மாட்டியிருந்த வசனம்: ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்ணியத்துக்குரிய மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், ஜும்ஆ நாளில் மிம்பர் மேடையில் ஏறும் ஆலிம் பெருமக்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.

நான் மளிகைக் கடைக்காரன். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊரில் அத்தா ஆரம்பித்த கடையை 27 வருடமாக நடத்துகிறேன். ஓதிப் படித்தவன் இல்லை. மக்தபில் குர்ஆன் முடித்ததோடு சரி. மார்க்க விஷயத்தில் உங்களுக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்ற அதே முகங்களை ஒரு மணி நேரம் கழித்துக் கடைக்கு முன்னாலும் பார்க்கலாம். அவர்களும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

போன ரமலானில் என் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரீச்சம்பழத்தை மொத்தமாக வாங்கி, அரைக் கிலோ அரைக் கிலோவாக பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு விற்போம். டப்பாவைத் தராசில் வைத்து, பழத்தை அள்ளிப் போட்டு, 500 காட்டியதும் மூடிவிடுவோம். டப்பாவை வைத்தவுடன் ஒரு பொத்தானை அமுக்கினால் அதன் எடை கழிந்து தராசு மறுபடியும் பூஜ்யத்துக்கு வரும். எல்லா எலக்ட்ரானிக் தராசிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது. நாங்கள் அதை அமுக்குவதில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, கூட்ட நேரத்தில் கை அப்படிப் பழகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. அப்படிச் சொன்னால் அது பாதிதான் உண்மை.

நோன்பு மாதக் கூட்டத்துக்காகப் புதிதாகச் சேர்த்த ஒரு பையன், ப்ளஸ் டூ முடித்தவன், மாதம் முடியப்போகும் நேரத்தில் கேட்டான்: "பாய், வெறும் டப்பா 40 கிராம் இருக்கு. அதுக்கும் பழத்தோட விலைதானா?"

அவன் குற்றம் சொல்லவில்லை. கணக்குத்தான் கேட்டான். அன்று தராவீஹ் தொழுகை முடிந்து வந்து நானும் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 50 டப்பா என்றால் 2 கிலோ. 30 நாளைக்கு 60 கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்தாலும் 18,000 ரூபாய். அந்த வருடம் நான் கொடுத்த கட்டாய தர்மமான ஸகாத்தோடு இந்தத் தொகையை ஒப்பிட்டு எழுத வெட்கமாக இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தத் தராசுக்கு நேர் மேலே பச்சை வெல்வெட்டில் தங்க எழுத்தில் ஒரு குர்ஆன் வசனம் மாட்டியிருக்கிறது. உம்ரா போய்வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. "வ மய்யத்தக்கில்லாஹ யஜ்அல் லஹு மக்ரஜா" என்று தொடங்கும். யார் அல்லாஹ்வை அஞ்சி நடக்கிறாரோ அவருக்கு அவன் ஒரு வழியை உண்டாக்குவான், அவர் எண்ணிப் பார்க்காத இடத்திலிருந்து அவருக்கு உணவளிப்பான் என்பது பொருள். கடைத்தெருவில் நம்மவர்கள் கடைகளில் பாதியில் இது தொங்குகிறது. வியாபாரத்தில் பரக்கத் வரும் என்ற நம்பிக்கைதான். எனக்கும் எண்ணிப் பார்க்காத இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. டப்பாவிலிருந்து.

அந்த வசனம் எந்த சூராவில், அதாவது அத்தியாயத்தில், வருகிறது என்று அன்றுவரை நான் பார்த்ததில்லை. தமிழ் மொழிபெயர்ப்பான தர்ஜுமாவை எடுத்துப் பார்த்தேன். 65ஆவது சூரா, அத்தலாக். விவாகரத்து. மொத்தம் 12 வசனங்கள், அதில் அல்லாஹ்வை அஞ்சும் பேச்சு 5 இடத்தில் வருகிறது. வியாபாரம் என்ற சொல்லே இல்லை. பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலத்தை எண்ணிக்கொள்ளுங்கள், அவளை வீட்டை விட்டு வெளியேற்றாதீர்கள், சேர்ந்து வாழ்வதானாலும் பிரிவதானாலும் கண்ணியமாகச் செய்யுங்கள், நேர்மையான இருவரைச் சாட்சி வையுங்கள், உங்கள் பிள்ளைக்குப் பாலூட்டினால் அவளுக்கு அதற்கான கூலியைக் கொடுங்கள். நாங்கள் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிற வசனம், ஒரு பெண்ணோடு உறவை முறித்துக்கொள்கிற கணத்தில் ஒரு ஆண் நினைக்க வேண்டியது என்று அல்லாஹ் சொன்னது. ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2019இல் அதைக் குற்றமாக்கிச் சட்டமும் வந்தது. மார்க்கத்தில் தலையிடுகிறார்கள் என்று நாம் ஊர்வலம் போனோம். அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கும் சங்கடம் உண்டு. ஆனால் அந்த 12 வசனங்களை நம் மஹல்லாவில் உட்கார்ந்து எத்தனை வெள்ளிக்கிழமை முழுதாக வாசித்திருக்கிறோம்?

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. தர்ஜுமாவில் தக்வா, அதாவது அல்லாஹ்வை அஞ்சி நடப்பது, வருகிற இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். நோன்பு வசனத்தில் இருக்கிறது, ஹஜ் வசனத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் எதிர்பார்க்காதது மற்ற இடங்கள். வட்டியில் மிச்சமிருப்பதை விட்டுவிடுங்கள் என்ற இடத்தில். கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்ற இடத்தில், அதுவும் எழுதச் சொல்லி வாசகம் சொல்பவன் கடன் வாங்கியவனாக இருக்கட்டும், அவன் தன் இறைவனை அஞ்சட்டும், எதையும் குறைக்க வேண்டாம் என்று. அடகுப் பொருளை நம்பி வாங்கி வைத்திருப்பவன் திருப்பித் தருகிற இடத்தில். அநாதைகளின் சொத்தைப் பற்றிய இடத்தில். பணமும் பெண்ணும் சொத்தும் கை மாறுகிற ஒவ்வொரு வாசலிலும் அந்தச் சொல் காவலுக்கு நிற்பதுபோல இருக்கிறது.

இப்போது மிம்பருக்கு வருகிறேன். வயது வந்ததிலிருந்து 40 வருடம் ஜும்ஆ கேட்கிறேன் என்று வைத்துக்கொண்டால் 2,000 குத்பா உரைகளுக்கு மேல் ஆகிறது. ஷாஃபிஈ மத்ஹபில், அதாவது சட்டப் பிரிவில், குத்பாவின் கட்டாயக் கடமைகளான ஃபர்ளுகளில் ஒன்றே தக்வாவைக் கொண்டு உபதேசிப்பது என்று ஒரு ஹஜ்ரத் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த உபதேசம் இல்லாமல் குத்பாவே கூடாது. நாங்கள் ஹனஃபி, ஆனாலும் எங்கள் பள்ளியிலும் அரபி குத்பாவில் அந்த வரி தவறாமல் வரும். அதற்கு முந்தின தமிழ்ப் பேச்சான பயானிலும் தக்வா வரும். பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜுத், பார்வையைத் தாழ்த்துவது, செல்போனில் எதைப் பார்க்கிறோம், தாடி, கரண்டைக்கு மேல் உடை. இதில் எதையும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பென்சில் கோடு போட்ட இடங்கள் மட்டும் ஏன் பயானில் வருவதில்லை?

ஒவ்வொரு ரமலானிலும் ஒரு சம்பவம் சொல்வீர்கள். தக்வா என்றால் என்ன என்று உமர் (ரலி) அவர்கள் சக நபித்தோழர் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். முள் நிறைந்த பாதையில் நடந்திருக்கிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆம் என்றார்கள். எப்படி நடந்தீர்கள்? துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கவனமாக. அதுதான் தக்வா என்றார். அருமையான விளக்கம். வரப்பில் கருவேல முள் கிடக்கிற எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் முள் எங்கே கிடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா? கடைக்காரன் கண்ணில் பட்ட இடங்களை நான் சொல்கிறேன்.

ஒன்று பற்று நோட்டு. என் கடையில் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று மாதச் சம்பளக்காரர்களுடையது, ஒன்றாம் தேதி வந்து அடைத்துவிடுவார்கள். இன்னொன்று மற்றவர்களுடையது. இந்த இரண்டாம் நோட்டில் 14 மாதமாகப் பேர் உள்ள ஒருவர் உம்ராவுக்குப் புறப்படும் முன் கடைக்கு வந்தார். கட்டிப்பிடித்து, "ஏதாவது தப்புத் தவறு இருந்தா ஹலால் பண்ணிக்கங்க பாய்" என்று கண் கலங்கினார். நோட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல்தான் கிடந்தது. நானும் கண் கலங்கி, "துஆச் செய்யுங்க" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் கெட்டவர் இல்லை. ஒரு நேரத் தொழுகையை விடாதவர். கடனும் இபாதத் என்ற வணக்கமும் வேறு வேறு அறை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் ஒரே அறைதான் என்றும் யாரும் சொல்லித் தரவில்லை. குர்ஆனிலேயே நீளமான வசனம் எது என்று மக்தப் பிள்ளைகளுக்குக் கேள்வி வைத்துப் பரிசு கொடுக்கிறோம். பகரா 282 என்று பிள்ளை பதில் சொல்லும். அது கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது என்று அந்தப் பிள்ளையின் அத்தாவுக்குத் தெரியாது. இறந்தவர் உடலை, ஜனாஸாவை, வைத்துக்கொண்டு, "இந்த மையித் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் வாரிசுகளைப் பாருங்கள்" என்று ஓர் அறிவிப்பு வரும். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் யாரும் வாய் திறப்பதில்லை. கடனாளியின் ஜனாஸாவுக்குத் தொழவைக்கத் தயங்கிய நபி (ஸல்) அவர்கள், அந்தக் கடனை நான் ஏற்கிறேன் என்று அபூ கதாதா (ரலி) சொன்ன பிறகுதான் தொழவைத்தார்கள். புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளது. நாம் அறிவிப்போடு முடித்துக்கொள்கிறோம்.

அடுத்தது நிக்காஹ். மணவறையில் ஓதப்படும் குத்பாவில் மூன்று இடத்து வசனங்கள் வரும்: ஆலு இம்ரான் 102, அந்நிஸா முதல் வசனம், அல்அஹ்ஸாப் 70, 71. மூன்றிலும் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்ற கட்டளை. கடைசியில், "நேர்மையான சொல்லைச் சொல்லுங்கள்" என்று வேறு இருக்கிறது. அதை ஓதி முடித்த கையோடு கல்யாணப் பதிவேடான தஃப்தரில், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் 10,001 என்று எழுதுவோம். பெண் வீட்டார் கொடுத்த 5 லட்சமும் 30 பவுனும் எந்தத் தஃப்தரிலும் ஏறாது. கைக்கூலி என்ற இந்த வரதட்சணைத் தொகையில் பள்ளிவாசலுக்கு இத்தனை சதவீதம் என்று ஜமாஅத்தே வாங்கிய காலமும் நம் ஊர்களில் இருந்திருக்கிறது. அது போய்விட்டது. 90களுக்குப் பிறகு கைக்கூலிக்கு எதிராகப் பல இளைஞர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். கைக்கூலி வாங்கும் கல்யாணத்துக்கு தஃப்தர் தரமாட்டோம் என்று சொன்ன ஜமாஅத்துகளும் உண்டு. அவர்களுக்கு என் ஸலாம். மற்ற இடங்களில் பேர்தான் மாறியிருக்கிறது. இப்போது, "பிள்ளைக்கு அவங்களா ஆசைப்பட்டுச் செய்யறாங்க" என்கிறோம்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். போன வருடம் எங்கள் பள்ளிவாசலில் உண்டியல் உடைந்த பிறகு கேமரா வைத்தோம். "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்று பலகையும் மாட்டினோம். தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூச் செய்யும்போது அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோன்பு வைத்துக்கொண்டு, தொண்டை காய்ந்து, வாய் கொப்பளித்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை துப்புகிற ஊர் இது. அந்தத் தண்ணீரில் ஒரு வாய் உள்ளே போனால் எந்தக் கேமராவுக்கும் தெரியாது. அதைச் செய்ய நம்மில் ஒருவனும் துணிவதில்லை. எட்டு வயதுப் பிள்ளைகூடத் துணியாது. அல்லாஹ் பார்க்கிறான் என்ற எண்ணம் இந்தச் சமூகத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உளூச் செய்யும் ஹவுழுத் தொட்டிக்குப் பக்கத்தில் அது கெட்டியாக இருக்கிறது. கடைத்தெருவுக்கு வருவதற்குள் கரைந்துவிடுகிறது. என் கடையிலும் கேமரா உண்டு. அது கல்லாவைப் பார்க்கிறது, சாமான் எடுக்கும் வாடிக்கையாளரைப் பார்க்கிறது. தராசைப் பார்ப்பதில்லை.

அத்தா காலத்தில் தட்டுத் தராசு. எடைக்கல் வைத்த தட்டைவிடச் சாமான் தட்டு ஒரு விரற்கடை தாழ்ந்த பிறகுதான் பொட்டலம் மடிப்பார். அதற்கு மேல் கொசுறாக ஒரு கை பொட்டுக்கடலை, சின்னப் பிள்ளைகள் வந்தால் ஒரு துண்டு வெல்லம். கடைத்தெருவில் கூலிக்கு எடை போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள், "எடை போடு, தட்டைக் கொஞ்சம் தாழவிடு" என்று சொன்னதாகத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் வருகிறது. அத்தாவுக்கு அந்த ஹதீஸ் தெரியுமோ என்னவோ. கைக்குத் தெரிந்திருந்தது. என் தராசில் தட்டு தாழாது, எண்தான் ஓடும். 500 வந்ததும் கை நின்றுவிடும். 503 வந்தால் ஒரு பழத்தைத் திரும்ப எடுத்துவிடுகிற கை.

இனி எழுதப்போவதற்காகத்தான் உண்மையில் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அத்தா 2009இல் மௌத்தானார். விட்டுப்போனது இந்தக் கடையும், ஆற்றோரம் 120 சென்ட் நஞ்சையும். அம்மா, அண்ணன், அக்கா, நான். கடை வாடகை இடம், அதை நான் பார்த்துக்கொண்டேன். நிலக் கணக்கு எளிது. அம்மாவுக்கு எட்டில் ஒன்று, 15 சென்ட். மிச்சம் 105. அண்ணனுக்கு 42, எனக்கு 42, அக்காவுக்கு 21. முஸ்லிம்களின் வாரிசுரிமையை ஷரீஅத்படி ஆக்கிய சட்டம் 1937இல் வந்தபோது விவசாய நிலத்துக்கு அது பொருந்தவில்லை. சென்னை மாகாணத்தில் 1949இல் திருத்தி நிலத்துக்கும் ஆக்கினார்கள். ஆக அல்லாஹ்வின் சட்டப்படியும் அக்காவுக்கு 21 சென்ட், அரசாங்கத்தின் சட்டப்படியும் 21 சென்ட்.

2011இல் அக்காவிடம், தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினோம். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலையிலேயே வரச் சொன்னோம். அக்கா மூன்று பஸ் மாறி வந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையை ஒட்டின திண்ணையில் உட்கார்ந்து பத்திர எழுத்தர் வாசித்தார். சுயநினைவோடும் மனப்பூர்வமான சம்மதத்தோடும் எழுதிக்கொடுத்தது என்று அதில் ஒரு வரி வரும். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான். அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார். விரல் ரேகை வைத்த பிறகு கட்டைவிரல் மையைத் துடைக்கத் துணி இல்லை. ஒரு பழைய பேப்பரைக் கிழித்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டே, "அவ்வளவுதானே தம்பி?" என்றார். 1,800 ரூபாய்க்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டோம். "கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சே" என்று அண்ணன் சொன்னார், நான் தலையாட்டினேன். பஸ் கிளம்பும்போது அக்கா ஜன்னல் வழியாக, "உறவு கெட்டுறக் கூடாதுல்ல" என்றார். ஜும்ஆவுக்கு நேரம் ஆகிவிட்டது என்று ஓடினேன். இரண்டாம் ஸஃப் வரிசையில் இடம் கிடைத்தது. உங்களையும் என்னையும் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு உபதேசிக்கிறேன் என்று அன்றும் இமாம் அரபியில் சொன்னார். ஆமீன் சொல்லும் இடத்தில் ஆமீன் சொன்னேன்.

எங்கள் மஹல்லாவில் இதை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். அதுதான் என் குறை. நான் ஒரு மூட்டை அரிசியைத் திருடியிருந்தால் ஜமாஅத்தில் விசாரணை வைத்திருப்பீர்கள். 21 சென்ட் நஞ்சைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். மனம் ஒப்பித் தராத பொருள் ஆகாது என்பது மக்தப் பாடம். கூச்சத்துக்கும் உறவு கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் பெண் விட்டுக்கொடுப்பது மனம் ஒப்பித் தருவதில் சேராது, பங்கை முதலில் கையில் கொடுங்கள், பிறகு வேண்டுமானால் அவளாக அன்பளிப்புச் செய்யட்டும் என்று ஆலிம்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நான் தேடிப்போய்த் தெரிந்துகொண்டது இந்த வருடம். மிம்பரிலிருந்து 2011இல் கேட்டிருந்தால்? கேட்டும் செய்திருப்பேனோ என்னவோ, எனக்கே என்னைப் பற்றி நிச்சயம் இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்திருக்காது.

நுஅமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சி வைக்க வந்தார். எல்லாப் பிள்ளைக்கும் இப்படிக் கொடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். "அல்லாஹ்வை அஞ்சுங்கள், உங்கள் பிள்ளைகளிடையே நீதமாக நடங்கள்" என்றார்கள். ஹஜ்ஜின்போது அரஃபாவில் பெருங்கூட்டம் கூடிய மைதானத்தில், "பெண்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள்" என்றார்கள். வயிறு ஒட்டிப்போன ஒட்டகத்தைப் பார்த்து, இந்த வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்றார்கள். நெஞ்சைச் சுட்டி மூன்று முறை, "தக்வா இங்கே இருக்கிறது" என்று காட்டிய ஹதீஸைப் போஸ்டர் அடித்து ஒட்டியிருக்கிறோம். அதே ஹதீஸின் தொடக்கத்தில், வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிடாதீர்கள், ஒருவர் வியாபாரத்தில் இன்னொருவர் குறுக்கே போகாதீர்கள் என்று வருகிறது. முஸ்லிமில் பாருங்கள். போஸ்டரில் அது இல்லை.

ஹஜ்ரத்மார்களே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஏழு வருடம் மதரசாவில் உட்கார்ந்து ஃபராயிள் என்ற பாகப்பிரிவினைக் கணக்கு எல்லாம் போட்டுப் பார்த்தவர்கள் நீங்கள். ஏன் பேசுவதில்லை என்பதும் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. முதல் ஸஃப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மிம்பரிலிருந்து நன்றாகத் தெரியும். பள்ளிவாசல் கடையை அத்தா காலத்து வாடகைக்கு வைத்துக்கொண்டு அதை வேறொருவருக்குப் பத்து மடங்குக்கு விட்டிருப்பவர் அங்கே இருப்பார். அவரே நிர்வாகக் கமிட்டியிலும் இருப்பார். அவரைப் பார்த்து வக்ஃப் சொத்து என்று வாயெடுத்தால் அடுத்த மாதம் வேறு பள்ளி தேட வேண்டியதுதான். தஹஜ்ஜுதைப் பற்றிப் பேசினால் யாருக்கும் கோபம் வராது.

அதனால் இந்த மடலின் பெரிய பாகம் ஜமாஅத் நிர்வாகிகளான உங்களுக்கு. இமாமின் வாயை நாம்தான் சம்பளத்தால் கட்டி வைத்திருக்கிறோம். இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லிவிட்டது. கூலியாளுக்கு வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடு என்ற ஹதீஸ் அதற்கெல்லாம் முந்தியது. எங்கள் மோதினார் பதினெட்டாம் தேதி என் கடைக்கு வந்து, "இன்னும் சம்பளம் போடலை பாய், எழுதிக்கங்க" என்கிறார். ஐந்து வேளையும் ஊரை எழுப்புகிறவர் பற்று நோட்டில் நிற்கிறார். முதல் தேதியில் சம்பளம், அதுவும் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம், பயான் பேசியதற்காக நீக்கமாட்டோம் என்று கமிட்டித் தீர்மானம். இது இல்லாமல் இமாமிடம் தைரியத்தை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

அப்புறம் சில வேலைகள் கேட்கிறேன், செலவு அதிகம் இல்லாதவை. ஒரு வீட்டில் மௌத்து நடந்தால் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு எத்தனை கிலோ கறி என்று ஜமாஅத்தில் பேசுகிறோம். அதற்கு முன் ஒருநாள் ஹஜ்ரத்தும் இரண்டு பெரியவர்களும் அந்த வீட்டில் உட்கார்ந்து, கடன் எவ்வளவு, வஸிய்யத் என்ற உயில் உண்டா, வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெண் வாரிசுகள் முன்னால் வாசியுங்கள். தாள் ஒன்று ஜமாஅத் கோப்பில் இருக்கட்டும். எங்களுக்கு அன்றைக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், திண்ணையில் உட்கார்ந்து அக்கா கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்திருக்கும். வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பிறகு பள்ளி வராந்தாவில் ஒரு மேஜை போட்டுக் கடன் பத்திரம் எழுதிக் கொடுங்கள். இரண்டு சாட்சி அங்கேயே கிடைப்பார்கள். முதல் ஆளாக என் இரண்டாம் நோட்டைக் கொண்டு வருகிறேன், வாடிக்கையாளர்கள் கோபித்தாலும் சரி. தஃப்தரில் மஹருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் வாங்கியது என்ன என்று கேட்டு எழுதுங்கள். ஒன்றுமில்லை என்று சொல்பவர் கையெழுத்துப் போடட்டும். பொய் சொல்வார்கள்தான். அந்த நேரத்தில், "நேர்மையான சொல்லைச் சொல்லுங்கள்" என்று ஓதிய குரல் காதில் இருக்கும்போது பொய் சொல்வது கொஞ்சமாவது கனக்கும்.

நோன்புக் கஞ்சிக்கு அரசாங்கம் தரும் பச்சரிசிக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு பொங்கினோம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதும் நல்லது. எங்கள் ஊரில் அதில் தவறு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எழுதிப் போட்டால் நிர்வாகிகளுக்கே நிம்மதியாக இருக்கும்.

பேரீச்சம்பழக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் யார் வாங்கினார்கள் என்று தெரியாத காசு அந்த 18,000. தெரிந்தவர்களுக்கு டப்பாவுக்கு 40 கிராம் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள். ஓர் அம்மா, கோயில் தெருக்காரர், "இதுக்குப் போயா பாய்?" என்று வாங்க மறுத்தார். பிறகு பேரனுக்கு என்று வாங்கிக்கொண்டார். மிச்சத்தை ஆள் தெரியாத உரிமைக்காரர்கள் பேரில் ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் ஹஜ்ரத், கொடுத்தேன். இப்போது அந்தப் பையன்தான் தராசில் நிற்கிறான். டப்பாவை வைத்ததும் பொத்தானை அமுக்குகிறான், 505 வந்தாலும் மூடிவிடுகிறான். வெல்வெட் வசனம் அங்கேயேதான் இருக்கிறது. கழற்றத் தோன்றவில்லை.

நிலம் அவ்வளவு சுலபமாக இல்லை. அம்மாவும் மௌத்தாகிவிட்டதால் அவர் பங்கிலிருந்து அக்காவுக்கு இன்னும் 3 சென்ட் சேர்கிறது. மொத்தம் 24. பாதி அண்ணன் கையில், பாதி என் கையில். போன மாதம் அக்காவுக்குப் போன் செய்தேன். செட்டில்மென்ட் பத்திரம் எழுதித் தருகிறேன், என் பக்கத்து 12 சென்ட்டை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "இப்ப எதுக்குடா அதெல்லாம், பேரப்பிள்ளை எடுத்தாச்சு" என்றார். நல்லது, அக்காவே வேண்டாம் என்கிறார் என்று ஒரு கணம் என் மனசு லேசானதையும் மறைக்காமல் எழுதுகிறேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"எந்தப் பக்கம் தம்பி? வாய்க்கால் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

ரோட்டுப் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற வாரம் சர்வேயர் வருகிறார். அண்ணனிடம் இன்னும் பேசவில்லை.

வஸ்ஸலாம்.

துஆவை எதிர்பார்க்கும்,
உங்கள் மஹல்லாவின் மளிகைக் கடைக்காரன்